அமெரிக்காவின் தொடக்ககாலக் காசுகளில் சில மட்டும் ஏன் இவ்வளவு விலை போகின்றன? பழமைதான் காரணமா?

பழமைக்கு அதில் பங்கு குறைவு. 1,600 ஆண்டுப் பழமையான ரோமானியச் செப்புக்காசை இன்றும் சில டாலருக்கு வாங்கிவிடலாம். ஆனால் 1804 என்று பொறித்த அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று 2021ஆம் ஆண்டு ஏலத்தில் 76 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்குப் போனது. இத்தனைக்கும் அது 1804இல் அடித்த காசே அல்ல.

1804இல் பிலடெல்பியா நாணயச் சாலை 19,570 வெள்ளி டாலர்கள் அடித்ததாக ஏட்டில் இருக்கிறது. பழைய அச்சு தேயும்வரை அதையே ஓட்டுவது அக்கால வழக்கம் என்பதால், அவற்றில் இருந்தது 1803 அல்லது அதற்கு முந்தைய ஆண்டுதான். பிறகு டாலர் அடிப்பதே நின்றுபோனது. 30 ஆண்டு கழித்து, கீழைநாட்டு மன்னர்களுக்குப் பரிசளிக்க நாட்டின் காசு வகைகள் அனைத்தும் அடங்கிய பேழைகள் தேவைப்பட்டன. ஏட்டைப் புரட்டியவர்கள் கடைசி டாலர் 1804இல்தான் அடிக்கப்பட்டது என்று கணக்கிட்டு, அந்த ஆண்டைப் பொறித்துப் புதிதாக அடித்தார்கள். எட்மண்ட் ராபர்ட்ஸ் என்ற தூதர் ஒரு பேழையை மஸ்கட் சுல்தானுக்கும் மற்றொன்றைச் சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். 2021இல் விற்றது சுல்தானின் காசு என்றே பெயர் பெற்றது.

இந்த வகையில் 8 காசுகள் இருக்கின்றன. சேகரிப்பவர்கள் அலைவதைக் கண்ட நாணயச் சாலை ஆட்கள் பின்னாளில் திருட்டுத்தனமாக மேலும் சிலவற்றை அடித்தார்கள். அவற்றில் சில இன்றும் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று 1857ஆம் ஆண்டு சுவிஸ் காசின் மேலேயே அடிக்கப்பட்டது! அரசாங்கச் சாலையிலேயே நடந்த கள்ளவேலைக்கும் லட்சக்கணக்கில் விலை இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

என் மனம் என்னவோ 1793ஆம் ஆண்டுச் சங்கிலி சென்ட்டிடம்தான். 15 மாநிலங்களைக் குறிக்க 15 கண்ணிகள். விடுதலை பெற்ற நாட்டின் காசில் சங்கிலியா என்று ஏச்சு எழுந்ததால், 36,103 காசுகளோடு அந்த வடிவம் நின்று, அதே ஆண்டில் இலைவளையம் வந்தது. முதலில் அடித்தவற்றில் நாட்டின் பெயரை 'அமெரி' என்று பாதியில் நிறுத்திப் புள்ளி வைத்திருப்பார்கள். அச்சுகளைக் கையால் வெட்டிய காலம் அது. ஒவ்வோர் அச்சுக்கும் ஒரு முகம். சேகரிப்பவர்கள் ஆண்டோடு நிற்காமல் அச்சு அச்சாகத் தேடுவது அதனால்தான்.

விலையைத் தீர்மானிப்பதில் அடுத்தது காசின் மேற்பரப்பு. இதை நான் கைக்காசைத் தொலைத்துக் கற்றேன். 1798ஆம் ஆண்டுச் செப்பு சென்ட் ஒன்றை வாங்கினேன். நம் பத்து ரூபாய்க் காசை விடச் சற்றுப் பெரியது, காப்பிக்கொட்டை நிறம். பூஜைச் சொம்பைத் துலக்குவது போல் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. காசுக் கண்காட்சியில் ஒரு வியாபாரியிடம் காட்டினேன். அவர் லென்ஸை வைத்துப் பார்த்தது இரண்டு நொடிதான். "கழுவிவிட்டீர்களா?" என்று கேட்டுத் திருப்பித் தந்துவிட்டார். 200 ஆண்டு படிந்த அந்தப் பழுப்புக்குத்தான் நான் காசு கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. தரத்தை 1 முதல் 70 வரை மதிப்பிடுகிறார்கள். உயர்ந்த படிகளில் ஓரிரு புள்ளி கூடினாலே விலை எங்கோ போய்விடும்.

வீட்டுப் பெட்டியில் 1804 டாலர் கிடைத்திருப்பதால் கேட்கிறீர்கள் என்றால், முதலில் ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். ஒட்டிக்கொண்டால் அது வெள்ளி அல்ல. ஒட்டாவிட்டாலும் துள்ளிக் குதிக்க வேண்டாம். இதுவரை தெரியவந்த காசுகளை ஒவ்வொன்றாகப் பெயர் வைத்துப் பின்தொடர்ந்து வருகிறார்கள்.