கொட்டகைக் கேள்வி பதில்: துள்ளும் காளை

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் ஆறு மாடு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் மூன்று கேள்வி அனுப்பியிருக்கிறார்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் ரோடியோவுக்கு (துள்ளும் காளைமேல் ஆள் ஏறி விழாமல் தாங்கும் போட்டி) விடும் காளைக் கன்று ஒன்றில் பங்கு வாங்குகிறானாம். பாதிப் பணம் நீங்கள் போடுங்கள் மாமா என்கிறான். எதைப் பார்த்துப் போடுவது?

பதில்: கன்றுக்கு முன் தாயைப் பாருங்கள். துள்ளல் ரத்தத்தில் வருவது. பழக்கம் அதைச் சீராக்கும், இல்லாததை உண்டாக்காது. விற்பவர் பொலிகாளையின் பெயரைத்தான் பெரிதாகச் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது, அந்தப் பசு முன்பு ஈன்ற காளைகளில் எத்தனை களத்தில் நிலைத்தன என்பது. வாய்ச்சொல் போதாது. அமெரிக்கன் பக்கிங் புல் என்ற பதிவு அமைப்பு, தாய் தகப்பனை டிஎன்ஏ சோதனையால் உறுதி செய்து பதிகிறது. அந்தச் சான்று மாமன் மருமகன் இருவர் கைக்கும் வரட்டும்.

அடுத்து வயது. 2 வயதுக் காளைமேல் ஆளை ஏற்றுவதில்லை. முதுகில் கனமில்லாத பெட்டி ஒன்றைக் கட்டி, 4 விநாடி துள்ளியதும் ரிமோட்டை அழுத்திக் கழற்றிவிடுகிறார்கள். துள்ளினால் பாரம் போய்விடும் என்று காளை கற்பது அப்படித்தான். பெட்டியை நீண்ட நேரம் விட்டுவைத்தாலோ அடிக்கடி கட்டினாலோ சலித்துப்போய்ச் சும்மா நிற்கும். சில காளைகள் கூண்டிலேயே படுத்துவிடும். ஆள் ஏறுவது 3, 4 வயதில். அப்போது ஆள் 8 விநாடி விழாமல் தாங்க வேண்டும். 100 மதிப்பெண்ணில் 50 காளையுடையது: உதையின் உயரம், சுழலும் வேகம், திசை மாற்றம் எல்லாம் அதில் சேரும்.

வீடியோ அனுப்பினால் ஒன்றோடு திருப்தி அடையாதீர்கள். முதல் தடவை பயத்திலேயே நன்றாகத் துள்ளிவிட்டு, மூன்றாம் தடவை ஓடிப்போய் வேலியோரம் நிற்கும் கன்றுகள் உண்டு. வெவ்வேறு நாளில் எடுத்த மூன்று நான்காவது வேண்டும். பெரும்பாலான கன்றுகள் தேறுவதில்லை, இறைச்சிக்குத்தான் போகின்றன. ஆகவே தீவனம், லோரிக் கூலி, நுழைவுக் கட்டணம் யார் தலையில், கால் முறிந்தால் நஷ்டம் யாருக்கு, பிற்பாடு விந்து விற்றால் பங்கு எவ்வளவு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். அக்கா மகன் என்று பார்க்காதீர்கள்.

கேள்வி: ரோடியோ காளைக்குக் கட்டும் இடுப்புக் கயிறு விதையை நெரிப்பதால்தான் அது துள்ளுகிறதா?

பதில்: இல்லை. அது மெத்தென்ற பருத்திக் கயிறு. விதைக்கு முன்னால், பின்னங்கால் தொடங்கும் இடத்தில் வயிற்றைச் சுற்றி வருகிறது. அளவுக்கு மேல் இறுக்கினால் காளை துள்ளாமல் முரண்டு பிடிக்கும்.

கேள்வி: என் பிராமன் என்ற மாட்டினக் கலப்புக் காளைக் கன்று புட்டிப்பாலில் வளர்ந்தது. 14 மாதம், ஏறக்குறைய 300 கிலோ. ஆளைக் கண்டால் முட்ட வருகிறது. ரோடியோவுக்குப் பழக்கலாமா?

பதில்: முட்டுவது வேறு, துள்ளுவது வேறு. நல்ல ரோடியோ காளைகளில் பல, முதுகுப் பாரம் விழுந்ததும் தானே வாசலைப் பார்த்து நடக்கும். உங்கள் கன்றிடம் இருப்பது திறமையல்ல, வளர்ப்புக் கோளாறு. மாட்டுக் கூட்டத்தில் சேராமல் மனிதர் கையில் வளர்ந்த காளைக்கு ஆளும் இன்னொரு மாடுதான், பயமே இருக்காது. வளர வளர இதுதான் ஆளைக் கொல்லும் வகை. நெற்றியைத் தள்ளி விளையாடுவதை இன்றே நிறுத்துங்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். பெரிய மாடுகளோடு சேர்த்துவிடுங்கள், அவை அடக்கும். தீவனத்தை வேலிக்கு வெளியே நின்று போடுங்கள். இனப்பெருக்கத்துக்குத் தேவையில்லை என்றால் கால்நடைச் சேவைத் துறை மருத்துவரை அழைத்துக் காயடித்துவிடுங்கள். கோபம் ஓரளவு தணியும், பழகிய பழக்கம் முழுதாகப் போகாது. அதன்பிறகும் முட்டினால் விற்றுவிடுவதே நல்லது.

ஊசி போட மாட்டை நிறுத்தும் ஒடுக்குப் பாதை, மாடு திரும்ப முடியாத அகலத்தில் இருக்கட்டும். வளர்ந்த காளைக்கு 28 அங்குலம் போதும். அகலம் கூடினால் பாதி திரும்பி மாட்டிக்கொண்டு காலை முறித்துக்கொள்ளும்.

உங்கள் கன்றின் 300 கிலோ எடைக்கு நாளொன்றுக்குப் பி.கே.சி. (செம்பனைப் பருப்புப் புண்ணாக்கு) 2 கிலோவும் பச்சை நேப்பியர் புல் 28 முதல் 30 கிலோவும், நக்குவதற்குத் தாது உப்புக் கட்டியும் வையுங்கள். (அதே பி.கே.சி.யை ஆட்டுக்கு, குறிப்பாகச் செம்மறிக்கு, அள்ளிப் போடாதீர்கள். அதிலுள்ள செம்பு ஈரலைக் கெடுக்கும்.) செம்பனை வரிசையில் புல் அறுப்பதாக இருந்தால், அங்கே எப்போது களைக்கொல்லி அடித்தார்கள் என்று மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளர்) கேட்ட பிறகே அரிவாளை எடுங்கள்.