பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு ஃபைபர் பானெட் மாட்டலாமா? தரமானதை எப்படிப் பார்த்து வாங்குவது?

கேட்டவர் சொன்னதைச் சுருக்கிவிடுகிறேன். அப்பா ஓட்டிய 1967 மாடல் ஹெரால்டு. பானெட்டின் முகப்பும் இரண்டு பக்கச் சக்கர வளைவுகளும் துருவில் போய்விட்டன. "இதில் வெல்டிங் நிற்காது, ஃபைபரில் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார் டிங்கர். வீட்டில், "அப்பா வண்டிக்குப் பிளாஸ்டிக்கா?" என்கிறார்கள்.

நான்கு வருடம் முன்னால் நானும் இதே இடத்தில் நின்றேன். என்னுடையதும் ஹெரால்டுதான், இரண்டு கதவு வண்டி. முதல் தடவை வாங்கிய ஃபைபர் பானெட்டைத் தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது. இரண்டாவது இன்றைக்கும் வண்டியில் இருக்கிறது. அந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதைச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பதில் வந்துவிடும்.

முதலில், மாட்டலாமா? ஹெரால்டுக்குத் தாராளமாக மாட்டலாம். இங்கிலாந்தில் 1959ல் ட்ரையம்ப் ஹெரால்டு வந்தபோதே அது தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் பாடியைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டு மாட்டிய வண்டி. வடிவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலொட்டி. 1961லிருந்து நம் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி செய்த ஹெரால்டும் அதே அமைப்புதான். முகப்பு, மட்கார்டு, மேல்மூடி எல்லாம் சேர்ந்த ஒரே பெரிய பானெட், முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். வண்டியின் பாரத்தில் ஒரு கிலோவைக்கூட அது தாங்குவதில்லை. பாரம் முழுக்க சேஸிஸில். அதனால் இரும்புக்குப் பதில் ஃபைபர் வைத்தால் வண்டியின் பலம் குறையாது. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் இதே தைரியத்தில் போகாதீர்கள். அவற்றில் பாடிதான் எலும்புக்கூடு. கழற்றி மாட்டுகிற பானெட், டிக்கி மூடி போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தளத்திலும் ஓரச் சட்டங்களிலும் ஃபைபர் வைத்து ஒட்டுவது ஆபத்து. எந்த வண்டியானாலும் கதவுக்கு நான் ஃபைபர் போடமாட்டேன். பக்கவாட்டில் ஒரு இடி வந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் லாரிக்கும் நடுவில் இருப்பது அது ஒன்றுதான்.

"பிளாஸ்டிக்கா" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். 1953லேயே அமெரிக்காவில் செவ்ரலே கார்வெட்டின் பாடி முழுவதையும் கண்ணாடி இழையில், அதாவது இதே ஃபைபரில்தான் செய்தார்கள். அந்த வருடம் வந்தவை 300 வண்டிகள். இங்கே பக்கத்தில், எண்பதுகளில் பெங்களூரில் செய்த சிபானி டால்ஃபினுக்கும் ஃபைபர் பாடிதான். பொருளில் குறை இல்லை. செய்கிற கையில்தான் எல்லாம் இருக்கிறது.

சரி, தரத்துக்கு வருகிறேன். ஃபைபர் பானெட்டை வாங்கப் போனால் அதன் முகத்தைப் பார்க்காதீர்கள். கவிழ்த்துப் போட்டு முதுகைப் பாருங்கள்.

முகம் ஏன் நம்மை ஏமாற்றும் என்றால், அங்கே பளபளப்பது ஜெல்கோட். மோல்டுக்குள் (அச்சுக்குள்) முதலில் அடிக்கிற அரை மில்லிமீட்டர் கனமுள்ள வண்ண ரெசின், அதாவது காய்ந்து இறுகும் பிசின், அது. மோல்டைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு வைத்திருந்தால் பானெட்டும் கண்ணாடி மாதிரிதான் வெளியே வரும். அதற்குப் பின்னால் நல்ல வேலை இருக்கிறதா, குப்பை இருக்கிறதா என்பதை அது காட்டாது.

நான் முதலில் வாங்கியது அப்படித்தான், கறுப்பு ஜெல்கோட்டில் முகம் தெரிகிற மாதிரி இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஹெட்லைட்டுக்கு மேலே புருவம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பைக் கட்டைவிரலால் சும்மா அழுத்தினேன். முட்டை ஓடு மாதிரி பொக்கென்று உள்ளே போனது. பின்னால் வெறும் காற்று. அந்தக் கூர்மையான வளைவுக்குள் கண்ணாடி மேட் (ரெசினில் ஊறவைத்துப் போடும் கண்ணாடி இழை விரிப்பு) போய் உட்காரவே இல்லை. தூரத்திலேயே பாலம் போட்டுவிட்டது. ஜெல்கோட் மட்டும் தனியாக நின்றிருக்கிறது. அப்புறம் ஒரு நாணயத்தால் பானெட் முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று இறுக்கமான சத்தம் வரும். காற்று சிக்கிய இடத்தில் 'டொப்' என்று அமுங்கிய சத்தம். மூலை, விளிம்பு, கிரில் வாய் என்று பதினோரு இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டேன். வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை அது. நீங்கள் கடையிலேயே செய்துவிடுங்கள். தட்ட விடமாட்டேன் என்று சொல்கிற இடத்தில் வாங்க வேண்டாம்.

முதுகில் என்னென்ன பார்ப்பது? நல்ல கைவேலையில் இழைகள் கண்ணுக்குத் தெரியும், தேன் கலந்த கண்ணாடி மாதிரி லேசாக ஒளி ஊடுருவும். சுண்ணாம்பு பூசின மாதிரி பால்வெள்ளையாக இருந்தால் ரெசினில் டால்க் பவுடரோ சுண்ணாம்புத் தூளோ கலந்து பெருக்கியிருக்கிறார்கள் என்று பொருள். (மேலே பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.) வெள்ளையாகக் காய்ந்த இழை தெரிந்தால் அங்கே ரெசின் போதவில்லை. குழிகளில் ரெசின் குளம் கட்டி நிற்கிறது என்றால் அங்கே இழை இல்லை. அந்த இடம் கண்ணாடி மாதிரி விரிசல் விடும். ரோலர் போட்டு ஒவ்வொரு அடுக்கிலும் காற்றை அழுத்தி வெளியேற்றிய முதுகு ஒரே சீராக இருக்கும்; வெறும் பிரஷ்ஷால் தடவிவிட்டது குமிழ் குமிழாக இருக்கும்.

அடுக்குகளையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சரியான வரிசை: ஜெல்கோட், அதன் பின்னால் மெல்லிய டிஷ்யூ அல்லது 300 கிராம் மேட், அப்புறம் 450 கிராம் மேட் இரண்டு அடுக்கு. கிராம் என்பது ஒரு சதுர மீட்டர் மேட்டின் எடை. ஜெல்கோட்டை ஒட்டியே பாய் மாதிரி நெய்த ரோவிங் துணியைப் போட்டுவிட்டால், பெயின்ட் அடித்து ஆறு மாத வெயிலில் அந்தப் பின்னல் அப்படியே மேலே அச்சு விழுந்து தெரியும். எத்தனை பட்டி போட்டாலும் திரும்பத் திரும்ப வரும்.

எடையையும் கொஞ்சம் கணக்குப் போடலாம். மேட் ஒரு கிலோ என்றால் ரெசின் இரண்டு, இரண்டரை கிலோ குடிக்கும். அப்படிப் பார்த்தால் 450 மேட் இரண்டு அடுக்கு, சதுர மீட்டருக்குச் சுமார் மூன்று கிலோ; 300 மேட்டும் ஜெல்கோட்டும் சேர்ந்தால் நாலரை, ஐந்து கிலோவுக்குள் இருக்க வேண்டும். கனம் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். அதைவிட ரொம்பக் கனமாக இருப்பதைப் 'பலம்' என்று விற்பார்கள். பலம் தருவது இழை. எடையைக் கூட்டுவது ரெசினும் தூளும்.

ரெசினில் இரண்டு வகை பெரும்பாலும் பேச்சில் வரும். ஒன்று பொது உபயோக ஆர்த்தோ, இன்னொன்று ஐசோ. கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து ஐசோவில் செய்யச் சொல்லுங்கள். ஆர்த்தோ ஏறக்குறைய 60, 70 டிகிரி சூட்டிலேயே இளக ஆரம்பித்துவிடும். மே மாதத்து மதியத்தில் அடர் நிற பானெட் அந்தச் சூட்டைத் தொடுவது அதிசயமே இல்லை, கீழே ரேடியேட்டர் வேறு இருக்கிறது. ஐசோ இன்னும் அதிகச் சூடு தாங்கும், ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். அப்பா வண்டியின் நிறம் வெளிர் நிறமாக இருந்தால் நல்லதாகப் போயிற்று.

மோல்டு எதிலிருந்து எடுத்தது என்று கண்டிப்பாகக் கேளுங்கள். அடிபடாத இரும்பு பானெட்டிலிருந்து எடுத்ததா, அல்லது வேறொருவர் செய்த ஃபைபர் பானெட்டிலிருந்து எடுத்ததா? நகலின் நகலில் ஒவ்வொரு தடவையும் ரெசின் கொஞ்சம் சுருங்கும். பழைய பட்டியின் அலையும் கூடவே வரும். இங்கிலாந்திலிருந்து வரவழைக்கும் எண்ணம் இருந்தால், அங்கே பிற்காலத்தில் வந்த ஹெரால்டு 13/60 வண்டிக்கு முகப்பே வேறு. அதற்கு முந்தைய 948, 1200 சிசி வண்டிகளுக்கு உரியதா என்று கேட்டு, ஹெட்லைட்டின் நடு அளவையும் கிரில் வாயையும் டேப் வைத்து ஒப்பிட்ட பிறகு பணம் கட்டுங்கள்.

அப்புறம் உள் அமைப்பு. விலை மலிவான பானெட் வெறும் தோல். உள் சக்கர வளைவு இருக்காது, விளிம்புகள் உள்ளே மடங்கியிருக்காது. வேகத்தில் போகும்போது மேல்மூடி படபடவென்று அடிக்கும், சக்கரம் வாரியடிக்கிற சேறு நேராக எஞ்சின் மேல் விழும். கீல் பிடிக்கிற இடத்திலும் பக்கவாட்டுக் கொக்கிகள் மாட்டுகிற இடத்திலும் உள்ளே உலோகத் தகடு பதித்து, அதன் மேல் இரண்டு மூன்று அடுக்கு கூடுதல் மேட் போட்டிருக்க வேண்டும். தகடு சாதா இரும்பாக இருந்தால் உள்ளேயே துருவேறி உப்பி ஃபைபரைப் பிளந்துவிடும், ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். போல்ட் போடும்போது அகலமான வாஷர் வையுங்கள்.

என் இரண்டாவது பானெட்டைச் செய்தது படகு கட்டுகிற ஒருவர். சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை முழுக்க ஃபைபர் படகுகள் பெருகின. அந்த வேலையில் கை தேர்ந்தவர்கள் மீன்பிடித் துறைமுகங்களை ஒட்டி நிறைய இருக்கிறார்கள். என் உடைந்த பானெட்டைக் காட்டியதும் ஒரு தடவை புரட்டினார். மூலையில் விரலை வைத்து, "இங்க மேட்ட கிழிச்சுப் போட்டிருக்கணும் தம்பி, வெட்டிப் போட்டிருக்காங்க" என்றார். கையால் கிழித்த மேட்டின் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும், வளைவில் படிந்து பக்கத்து மேட்டோடு கலந்துவிடும். கத்தரியால் வெட்டிய ஓரம் அப்படியே விறைத்து நிற்கும். அவர் கூர் மூலைகளில் முதலில் ரெசினும் நறுக்கிய இழையும் பிசைந்து குழைத்து நிரப்பி மழுக்கிவிட்டு, அதற்கு மேல்தான் மேட் போட்டார். ஹார்டனரை (ரெசினை இறுக வைக்கும் திரவம்) மூடியில் குத்துமதிப்பாக ஊற்றாமல் அளவுக் குப்பியில் அளந்து ஊற்றினார். எந்தப் பட்டறைக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது அந்தக் குப்பி இருக்கிறதா என்றுதான். நீங்களே செய்து பார்க்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை: ஹார்டனரையும், இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட் திரவத்தையும் நேரடியாக ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள், வெடித்துத் தீப்பிடிக்கும். கோபால்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, பிறகுதான் ஹார்டனர்.

வாங்கி வந்ததும் பெயின்டுக்கு ஓடாதீர்கள். ஸ்டைரீன் (ரெசினில் கலந்திருக்கும் திரவம்) வாடை பலமாக அடித்தால் இன்னும் இறுகவில்லை. அசிட்டோன் நனைத்த துணியால் முதுகில் ஓரிடத்தில் தேய்த்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பிசுபிசுத்தால் அதே கதைதான். வண்டியில் மாட்டி, கதவு இடைவெளி சரிபார்த்து, கொக்கிகளைப் பூட்டி மூன்று நான்கு வாரம் வெயிலில் நிறுத்துங்கள். தரையில் சாய்த்து வைத்தால் சாய்ந்த கோணத்திலேயே இறுகிவிடும். பிறகு மோல்டிலிருந்து ஒட்டிவந்த மெழுகை, உப்புத்தாள் போடுவதற்கு முன்பே கரைப்பான் போட்டுத் துடைத்தெடுக்க வேண்டும். முதலில் தேய்த்தால் மெழுகு உள்ளே ஏறி, பெயின்டில் மீன்கண் மாதிரி குழி விழும். எபாக்ஸி பிரைமர் போட்டு மேலே பெயின்ட். பெயின்டைச் சூடேற்றிக் காய வைக்கும் அறைக்கு அனுப்பினால், இது ஃபைபர் என்று சொல்லி வெப்பத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

மாட்டி முடித்த அன்று இரவு எனக்கு ஹெட்லைட் மங்கி மங்கி எரிந்தது. டைனமோவைச் சந்தேகப்பட்டு ஒரு நாள் போனது. ஃபைபரில் மின்சாரம் ஓடாது. தகட்டின் வழியாகக் கிடைத்துக்கொண்டிருந்த எர்த் போய்விட்டது. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் சேஸிஸுக்குத் தனி எர்த் ஒயர் இழுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. 50 வருடம் தாண்டிய வண்டிகளை 'விஏ' எழுத்துகளோடு விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்துகொள்ள 2021ல் விதி வந்தது. சேஸிஸ், பாடி, எஞ்சின் எல்லாம் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது அதில் நிபந்தனை. அந்த எண்ணம் இருந்தால் பானெட்டை மாற்றுவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். எப்படியானாலும் அப்பாவின் இரும்பு பானெட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். என்னுடையது எண்ணெய் தடவிப் பின்கட்டில் நிற்கிறது. புது பானெட்டில் கீல் துளை போட அளவு எடுத்ததே அதிலிருந்துதான்.