பதினாறு வயது மகன் நள்ளிரவு தாண்டியும் தூங்குவதில்லை, காலையில் எழுப்பவும் முடியவில்லை. சோம்பலா, மூளையில் ஏதாவது கோளாறா?

பெரும்பாலும் இரண்டுமே இல்லை. பள்ளியில் உயிரியல் எடுப்பவன் என்பதால் இந்தப் புகாரை அடிக்கடி கேட்கிறேன். முதல் பாடவேளையில் தாடையைக் கையில் ஊன்றி, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் பையன்தான் மதியத்துக்கு மேல் என்னைத் திணறடிக்கிற கேள்வியைக் கேட்பான். அவனைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

மூளையின் அடிப்பக்கம், இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சின்னக் கொத்து ஒன்று இருக்கிறது. உடம்பின் கடிகாரம் அதுதான். கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும். இருட்டிய பிறகு மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பியை, தூங்கும் நேரம் வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் ஹார்மோனைச் சுரக்க விடும். பருவமடையும் வயதில் இந்தக் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது, சிலருக்கு இரண்டு மணி நேரம் வரை. போதாததற்கு, விழித்திருக்க விழித்திருக்க ஏறும் தூக்க அழுத்தமும் சிறுபிள்ளைகளுக்கு ஏறுவதைவிட இவர்களுக்கு மெதுவாகவே ஏறும். பத்து மணிக்குப் படு என்றால் படுப்பான், தூக்கம்தான் வராது.

எல்லாம் கைபேசியால் வந்தது என்பார்கள். அது நிலைமையை மோசமாக்கும், உண்மைதான். ஆனால் பையன்கள் கையில் கைபேசி வருவதற்கு முன்பே, 1990களில் மேரி கார்ஸ்கேடன் போன்ற தூக்க ஆராய்ச்சியாளர்கள் இந்தத் தள்ளிப்போதலைப் பதிவு செய்துவிட்டார்கள்.

தள்ளிப்போவது நேரம் மட்டும்தான், தேவை குறைவதில்லை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல், இந்த வயதினரின் பள்ளிகளைக் காலை 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்றது.

அப்புறம், "போதும், கைபேசியை வை" என்று உள்ளிருந்து சொல்ல வேண்டிய, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியும் இன்னும் தயாராகவில்லை. மூளையின் அளவு சின்ன வயதிலேயே ஏறக்குறைய முழுமையாகிவிடும். அதன் பிறகு நடப்பது, பயன்படாத இணைப்புகளைக் கழிப்பதும் நரம்பிழைகளுக்கு மையலின் என்ற கொழுப்பு உறை போடுவதும். நெற்றிப் பக்கத்தில் இந்த வேலை முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. எனவே திட்டுவதால் பெரிதாகப் பயனில்லை. எழுந்ததும் வெயில் வெளிச்சத்தில் நிற்க வையுங்கள். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும், மதியம் வரை வேண்டாம். அது கடிகாரத்தை மேலும் தள்ளும். மாலைக்கு மேல் காபியை நிறுத்துங்கள்.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? போதுமான அளவு தூங்கியும் பகலில் அடக்க முடியாமல் கண் செருகுவது, சிரிக்கும்போது சட்டென்று முழங்கால் தளர்வது இரண்டும் சேர்ந்தால் நார்கோலெப்சியா என்ற தூக்க நோயா என்று பார்க்க வேண்டும். இந்த வயதில்தான் அது பெரும்பாலும் தலைகாட்டும்.

இன்னொன்றைப் பெற்றோர்கள் சுலபமாகக் கோட்டைவிடுவார்கள். எழுந்த கொஞ்ச நேரத்தில் கை வெடுக்கென்று உதறி, பல்துலக்கும் பிரஷ்ஷோ டம்ளரோ பறந்து விழும். தூக்கக் கலக்கம், கவனக்குறைவு என்று திட்டிவிட்டுப் போவோம். இளம்பருவத்தில் வரும் ஒருவகை வலிப்பு நோய் இப்படித்தான் தொடங்கும். தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள் காலை அதிகமாகும், முழு வலிப்பாகவும் மாறலாம். கை அப்படி உதறுவதைப் பார்த்தால் முடிந்தவரை வீடியோ எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். மாத்திரையில் பெரும்பாலும் நன்றாகவே கட்டுப்படும். ஆனால் மாத்திரை சாப்பிடும்போதும் இரவு கண்விழித்தால் திரும்ப வரக்கூடும் என்பதால், அந்தப் பையனுக்குத் தூக்கமும் மருந்துச் சீட்டில் ஒரு வரிதான்.