கீரி கடிச்ச நாய்க்கு மஞ்சள் பத்து போதுமா?

எஸ்டேட்ல கீரியோட மல்லுக்கட்டி, மூக்குல காயத்தோட நாய் வந்துச்சு, போன வருஷமே ஊசி போட்டாச்சு, மஞ்சள் பத்து போதுமான்னு கேட்டிருக்கீங்க. போதாதுங்க. கீரி, நரி மூலமாவும் வெறிநோய் பரவும். கையுறை மாட்டிக்கிட்டு, சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க. பழைய ஊசி இருந்தாலும் உடனே ஒரு ஊசி கூடுதலா போடணும். ஏற்காட்டுல டாக்டர் கிடைக்கலைன்னா சேலத்துக்கே இறங்கிடுங்க, 20 கொண்டை ஊசி வளைவுதானே! அப்புறம் 45 நாள் கட்டிவச்சுக் கவனிங்க. உங்க கையில கீறல் இருந்து எச்சில் பட்டிருந்தா நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போங்க, இதுல அசட்டை வேண்டாம். மிச்சச் சோத்தை வெளியே வைக்காதீங்க. எங்க காப்பித் தோட்டத்துல அதுக்கு எலி வந்துச்சு, எலிக்குக் கீரி வந்துச்சு.