போல்ட்டை இறுக்கும் முன்

(வெற்றிடக் கருவிகளோடு முப்பது வருடம் மல்லுக்கட்டிய ஒரு தொழில்நுட்பர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: ஐயா, எங்கள் எஃகு வெற்றிட சேம்பரில் (கலத்தில்) காற்றை வெளியேற்றும் டர்போ பம்ப் மூன்று நாளாக ஓடுகிறது. அழுத்தம் காட்டும் அயான் கேஜ் மட்டும் கீழே இறங்காமல் 10⁻⁶ டார் (அழுத்த அலகு) பக்கத்திலேயே நிற்கிறது. லீக்தான் என்று எல்லா போல்ட்டையும் இரண்டு சுற்று இறுக்கிவிட்டேன். அடுத்து என்ன செய்ய? (ஆராய்ச்சி மாணவி)

பதில்: முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். மூன்றாவது சுற்றில் போல்ட்டின் மரைதான் போகும்.

திரையில் தெரியும் எண்ணை அழுத்தம் என்று நம்புகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கல். அந்தக் கேஜுக்கு அழுத்தம் என்றால் என்னவென்றே தெரியாது. சுட்டுச் சிவந்த ஃபிலமென்ட் இழையிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. ஃபிலமென்டில் 30 வோல்ட், கிரிட் என்னும் கம்பிக் கூண்டில் 180 வோல்ட் இருப்பது வழக்கம். இடையிலுள்ள 150 வோல்ட் அவற்றை இழுத்து ஓடவிடுகிறது. கிரிட்டில் போய் விழுவதற்குள் உள்ளும் புறமும் சில தடவை அலையும். குறுக்கே ஒரு வாயு மூலக்கூறு வந்தால் அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிடும். மிஞ்சும் அயனி நடுவிலுள்ள கலெக்டர் கம்பியில் போய்ச் சேரும். கேஜோடு இணைந்த கன்ட்ரோலர் பெட்டி அளப்பது அந்த மின்னோட்டத்தை மட்டுமே. எமிஷன் (ஃபிலமென்டிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் மின்னோட்டம்) 4 மில்லிஆம்பியர், உணர்திறன் டாருக்கு 10 என்று வைத்தால், உங்கள் 10⁻⁶ டாரில் கலெக்டருக்கு வருவது 40 நானோஆம்பியர். 10⁻⁹ டாரில் வெறும் 40 பிகோஆம்பியர். அந்த நிலையில் கேபிளைக் கை தெரியாமல் இடித்தால்கூட எண் துள்ளும்.

இன்னொன்று, கேஜ் எண்ணுவது தன் கிரிட்டுக்குள் இருக்கும் மூலக்கூறுகளை. சேம்பரில் இருப்பதும் அதுவும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இதை நான் ஒரு வாரம் வீணாக்கிக் கற்றேன். புதுக் கேஜ் மாட்டும்போது கிரிட் லேசாகக் கோணியிருந்தது. கையுறை எட்டாத தூரத்தில் கிடந்தது. எழுந்து போகச் சோம்பல். வெறும் விரலால் நிமிர்த்திவிட்டேன். பிறகு உங்களைப் போலவே ஒவ்வொரு ஃபிளாஞ்சாக (போல்ட் போட்ட இணைப்பு) லீக் தேடிச் சுற்றி வந்தேன். கடைசியில் எமிஷனை 4 மில்லிஆம்பியரிலிருந்து 0.1-க்கு இறக்கி அரைமணி நேரம் விட்டுப் பார்த்தேன். பெட்டி எமிஷனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும், ஆகவே எண் மாறியிருக்கக்கூடாது. ஆனால் பாதிக்கும் கீழே போயிற்று. ஃபிலமென்டின் சூட்டில் என் விரல் எண்ணெய்தான் ஆவியாகிக் கொண்டிருந்தது! லீக் என்று ஊரெல்லாம் தேடினேன், அது என் கைரேகை.

ஆகவே முதலில் எமிஷனைக் குறைத்துப் பாருங்கள். எண்ணும் கூடவே மெல்ல இறங்கினால் கேஜை டீகேஸ் செய்யுங்கள், அதாவது சூடேற்றி ஒட்டியதை விரட்டுங்கள். கிரிட் சிவக்கச் சிவக்க, ஒட்டியிருந்ததெல்லாம் கிளம்பும். அழுத்தம் ஒரேயடியாக ஏறும், பதறவேண்டாம். பம்ப் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

அதற்கும் அசையவில்லையா? பம்புக்கும் சேம்பருக்கும் நடுவிலுள்ள வால்வை மூடி, நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தத்தைக் குறித்து வரைபடம் போடுங்கள். கோடு நேராக ஏறிக்கொண்டே போனால் லீக். ஏறி, வளைந்து, படுத்துக்கொண்டால் சுவரிலிருந்து கிளம்பும் வாயு. சூடேற்றாத எஃகில் அது பெரும்பாலும் தண்ணீர். சேம்பரை எப்போது கடைசியாகத் திறந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. போன வாரம் என்றால் நான் தண்ணீர் மேல்தான் பந்தயம் கட்டுவேன். அதற்கு மருந்து ஸ்பேனர் இல்லை, ஹீட்டர். ரப்பர் ஓ-ரிங் இருந்தால் அது தாங்கும் சூட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: லீக் தேட ஹீலியம் தெளித்தால் கேஜில் எண் ஏறும் என்றார்கள். எனக்கு இறங்குகிறது. கேஜ் பழுதா?

பதில்: நன்றாகவே இருக்கிறது. ஹீலியம் எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்காது. அதே அழுத்தத்தில் நைட்ரஜன் தரும் மின்னோட்டத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குதான் தரும். பெட்டியோ எல்லாம் நைட்ரஜன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. ஓட்டை வழியே காற்றுக்குப் பதில் ஹீலியம் புகுந்தால் எண் இறங்குவது இயல்பே. எந்தப் பக்கம் அசைந்தாலும் சரி, அசைகிற இடத்தில்தான் ஓட்டை. மேலிருந்து கீழே தெளித்து வராதீர்கள் என்று சிலர் சொல்வது தப்பு. ஹீலியம் மேலே போகும், அதனால் மேலிருந்தே ஆரம்பியுங்கள்.

கேள்வி: 1950-க்கு முன் எந்தப் பம்பும் 10⁻⁸ டாருக்குக் கீழே போகவில்லையாமே, உண்மையா?

பதில்: பம்புகள் போயிருந்தன, கேஜுக்குத்தான் தெரியவில்லை. எனக்கு மிகப் பிடித்த கதை இது. பழைய கேஜில் ஃபிலமென்ட் நடுவில், சுற்றிக் கிரிட், அதற்கும் வெளியே அகலமான உருளைத் தகடாகக் கலெக்டர். எந்தப் பம்பை மாட்டினாலும் 10⁻⁸ பக்கத்தில் எண் முட்டி நின்றது. எலக்ட்ரான்கள் கிரிட்டில் மோதும்போது மெல்லிய எக்ஸ் கதிர் கிளம்பும். அது தகட்டில் பட்டு அங்கிருந்து எலக்ட்ரானைக் கழற்றும் என்று 1947-இல் நாட்டிங்ஹாம் என்ற இயற்பியலாளர் சொன்னார். கலெக்டரைவிட்டு ஓர் எலக்ட்ரான் போவதும், அதற்கு ஓர் அயனி வருவதும் மீட்டருக்கு ஒன்றுதான். சேம்பரில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அந்த மின்னோட்டம் இருக்கும்.

1950-இல் பேயார்ட், ஆல்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கேஜை உள்வெளியாகத் திருப்பிப் போட்டார்கள். ஃபிலமென்ட் வெளியே போயிற்று, கலெக்டர் நடுவில் மயிரிழைக் கம்பியாயிற்று. கதிர் பட இடமே மிகக் கொஞ்சம். 10⁻¹⁰ வரை வழி திறந்தது. நீங்கள் கேபிள் மாட்டும் கேஜும் அனேகமாக அதன் வாரிசுதான்.

கேள்வி: கேஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது தவறிப்போய்க் காற்று புகுந்தால்?

பதில்: டங்ஸ்டன் ஃபிலமென்ட் என்றால் கருகிவிடும். தோரியா பூசிய இரிடியம் என்றால் பிழைக்க வாய்ப்பு உண்டு. கன்ட்ரோலரில் தானாக அணையும் வசதி இருந்தால் அதை யாரும் முடக்கி வைத்திருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள்.