‘சுளுக்குத்தான், எழும்பு’ என்று சொல்லிவிட்டேன்

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 58, மனைவிக்கு 53. பண்டாரவளையில் வசிக்கிறோம். பிள்ளைகள் தொழில் தேடி வெளியூர் போன பின்னர், சனிக்கிழமைகளில் இருவருமாக நடக்கப் போவதை வழக்கமாக்கிக் கொண்டோம். எட்டு வாரங்களுக்கு முன்னர் தம்பேத்தன்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் என்ற மலையுச்சிக் காட்சியிடம் வரை ஏறிவிட்டுத் திரும்பும்போது, தார் பாதையால் சுற்றாமல் தேயிலை மலைக்குள் இறங்கும் குறுக்கு வழியால் போகலாம் என்று நான்தான் சொன்னேன். ஈரக் கல்லில் மனைவியின் கால் வழுக்கி, கானுக்குள் (வடிகாலுக்குள்) மடங்கியது. பக்கத்தில் கொழுந்து எடுத்துக் கொண்டிருந்த ஓர் அம்மா ஓடி வந்து, தமது இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து விரித்து, “கால ஊனாதீங்கம்மா, கொஞ்சம் குந்துங்க” என்றார். பனிமூட்டம் ஏறி வருவதைக் கண்ட பதற்றத்தில் நான், “சுளுக்குத்தான், எழும்பு” என்று சொல்லி, என் தோளைப் பிடித்தபடி ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் நடக்க வைத்தேன். அன்றிரவு எண்ணெய் போட்டு உருவியும் விட்டோம். மூன்றாம் நாள் எடுத்த எக்ஸ்ரேயில் வெளிப்பக்கக் கணுக்கால் எலும்பு வெடித்திருப்பது தெரிந்தது. ஆறு வாரம் பிளாஸ்டர். கழற்றிப் பத்து நாட்கள் ஆகியும் மாலையில் கால் வீங்குகிறது. மனைவி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. மறுபடியும் நடக்கப் போவோம் என்கிறார். எனக்குத் தைரியம் வரவில்லை. நான் செய்த பிழை என்ன? அவர் இனி மலை ஏறலாமா?

பதில்: உங்களை முதலில் வருத்தும் விடயத்திலிருந்தே தொடங்குகிறேன். எலும்பு வெடித்தது பெரும்பாலும் கால் கானுக்குள் மடங்கிய அந்தக் கணத்திலேயே நடந்திருக்கும். அதை உங்கள் வார்த்தை உண்டாக்கவில்லை. வெடித்த காலால் நடக்க வைத்ததும், அன்றிரவே உருவியதும் மட்டுமே உங்கள் பிழைகள். எலும்பு விலகிப் போவதற்கு இரண்டுமே காரணமாகியிருக்கலாம். சத்திரசிகிச்சை இல்லாமல் பிளாஸ்டரோடு முடிந்திருப்பதால், அது பெரிதாக விலகவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம்.

அந்த மலையில் சரியாக நடந்துகொண்டவர் படங்கை விரித்த அந்தத் தாய்தான். விழுந்தவருக்கு முதலில் தேவைப்படுவது இருக்க ஓர் இடம். கூட வந்தவருக்குத் தேவைப்படுவது பக்கத்தில் அமர்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் பார்ப்பது. கணவனோ மனைவியோ விழும்போது நமக்குள் எழும் பயம், ‘ஒன்றுமில்லை’ என்று அவர் வாயால் கேட்கத் துடிக்கிறது. அதனால்தான் எழுப்பி நிறுத்தப் பார்க்கிறோம். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அன்பு மிகுந்தவர்களே இதை அதிகம் செய்கிறார்கள் என்பதைச் சிகிச்சை அறையில் பல தடவை கண்டிருக்கிறேன்.

சுளுக்கா, முறிவா என்று வீக்கத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சில சுளுக்குகள் முறிவை விட அதிகமாக வீங்கும். இதற்காகக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட எளிய விதிகள் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. கணுக்காலின் உட்புறமும் வெளிப்புறமும் புடைத்து நிற்கும் எலும்புகளின் பின் விளிம்பை, நுனியிலிருந்து 6 சென்ரிமீற்றர் உயரம் வரை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். அங்கே சதையில் அல்லாமல் எலும்பிலேயே வலி சுண்டினால், அல்லது பாதத்தின் வெளிப்புற நடுவில் துருத்தி நிற்கும் எலும்பில் வலித்தால், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நான்கு காலடி எடுத்து நடக்க முடியாவிட்டாலும் அப்படியே. உங்கள் மனைவி உங்கள் தோளில் முழுப் பாரத்தையும் போட்டு நடந்ததை நடந்ததாகக் கணக்கில் எடுக்க முடியாது.

அப்படியானால் அந்த இரண்டு கிலோமீற்றரை எப்படிக் கடப்பது? சப்பாத்தின் கயிற்றைத் தளர்த்தி, சப்பாத்தைக் கழற்றாமல், காலைப் பை ஒன்றின் மீது உயர்த்தி வைத்து, சால்வையையோ துணியையோ இறுக்கமில்லாமல் சுற்றிக் கட்டுங்கள். விரல்கள் குளிர்ந்து வெளுத்தால் அல்லது மரத்தால் கட்டை உடனே தளர்த்துங்கள். லிப்டன் சீட் போன்ற 1,900 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், வியர்வையில் நனைந்தவர் அசையாமல் இருந்தால் சீக்கிரம் குளிர்ந்து நடுங்குவார். உங்கள் மேற்சட்டையை அவருக்குப் போர்த்துங்கள். பிறகு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, இப்போது ஊவா உட்பட ஒன்பது மாகாணங்களிலும் இலவசமாக வருகிறது. ‘தேயிலைக்குள் இருக்கிறோம்’ என்று சொன்னால் அவர்களுக்கு இடம் விளங்காது. தோட்டத்தின் பெயர், டிவிசன் (தோட்டப் பிரிவு), மலை நம்பர், பக்கத்திலுள்ள தொழிற்சாலை அல்லது பிரட்டுக்களம் (தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் இடம்) ஆகியவற்றைச் சொல்லுங்கள். இவை தெரியாவிட்டால் கொழுந்து எடுப்பவர்களிடம் தொலைபேசியைக் கொடுத்துவிடுங்கள், அவர்களே வழி சொல்வார்கள். வாகனம் ஏறாத லயங்களிலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) நோயாளர்களைக் கம்பளியில் தூக்கி ரோட்டுக்குக் கொண்டு வந்து பழகியவர்கள் நம் தோட்டத்து மக்கள். உதவி கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

எண்ணெய் போட்டு உருவுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அது பாசத்தின் கை. அதைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் முதல் மூன்று நாட்களுக்கு உருவலும் சூட்டு ஒத்தடமும் உள்ளே கசியும் இரத்தத்தையும் வீக்கத்தையும் கூட்டவே செய்யும். அந்த நாட்களில் துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வரை வைத்தெடுப்பதும், கிரேப் பண்டேஜை விரலடியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றுவதும், படுக்கும்போது காலைத் தலையணை மேல் வைப்பதும் போதும்.

இப்போதைய மாலை வீக்கம் எதிர்பார்க்கத் தக்கதே. முறிவுக்குப் பின் சில மாதங்கள் வரை அது வந்து போகும். ஆனால் கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் இறுகி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். ஆறு வாரம் அசையாதிருந்த காலில் இரத்தம் உறைந்திருக்கலாம்.

மலை ஏறலாமா என்றால், ஏறலாம், ஆனால் படிப்படியாக. கிளினிக்கில் எலும்பு பொருந்திவிட்டது என்று சொன்ன பின்னர், இயன் மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவில் பயிற்சி கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டருக்குள் தசை மெலிவதோடு, பாதம் எங்கே எப்படிப் பதிகிறது என்பதை உணரும் திறனும் மங்கிவிடுகிறது. அது திரும்பாமல் மலைக்குப் போனால் அதே கால் மறுபடியும் மடங்கும். குசினி மேசையைத் தொட்டபடி ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்பதில் தொடங்கட்டும். பிறகு மேசையை விட்டும், அதன் பின் கண்ணை மூடியும் நிற்கலாம். கண்ணை மூடும்போது மட்டும் நீங்கள் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். சமதரையில் அரை மணி நேரம் நொண்டாமல் நடக்கவும், மாடிப்படியில் இறங்கவும் முடிந்தால், தார் பாதைக்குப் போகலாம். குறுக்கு வழி அதற்கும் பல வாரங்கள் கழித்தே. கைத்தடி, அடிபட்ட காலுக்கு எதிர்க் கையில் இருக்க வேண்டும். இறக்கத்தில் நீங்கள் அவருக்கு ஓரடி கீழே, முன்னால் நடங்கள். வேகத்தை அவர் தீர்மானிக்கட்டும். உங்கள் பக்கத்தில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை அதிகம் என்பதால், அந்த மாதங்களில் விடியலில் புறப்பட்டு வெயில் இருக்கும்போதே வீடு திரும்பிவிடுங்கள்.

அவருடைய மௌனத்துக்கு என்னிடம் மருந்தில்லை. அவர் உங்களை மன்னித்திருக்கலாம், அன்று பட்ட வலியைச் சொன்னால் நீங்கள் உடைந்து போவீர்கள் என்று மறைத்தும் இருக்கலாம். “அன்றைக்கு எழும்பு என்று சொன்னது பிழை, அந்த அம்மா சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்” என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பிறகு அவர் அந்த இரண்டு கிலோமீற்றரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், குறுக்கே எதுவும் சொல்லாமல் கடைசி வரை கேளுங்கள்.