வாங்கிய லிங்க் வினையானால்...

கேள்வி: எங்கள் பட்டுப்புடவை விற்பனைத் தளத்துக்காக, எஸ்.இ.ஓ. (தேடலில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் வேலை) செய்பவர் ஒருவரிடம் நூற்றுக்கணக்கில் பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க்) வாங்கினோம். இப்போது கூகுள் தேடலில் பல பக்கங்கள் பின்னால் போய்விட்டோம். எல்லா லிங்க்கையும் டிஸவோ செய்துவிடலாமா, அதாவது அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் சர்ச் கன்சோலில் (தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் கருவி) 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். இயல்புக்கு மாறான லிங்க்குகள் பற்றிய அறிவிப்பு அங்கே இல்லையென்றால், டிஸவோவைத் தொடவே வேண்டாம். 2016 செப்டம்பரில் பெங்குவின் 4.0 என்ற கூகுள் தேடல் மாற்றம் வந்ததிலிருந்து, மோசமான லிங்க்குகளைக் கூகுள் பெரும்பாலும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. அவை தூக்கிவிட்ட இடம் பறிபோயிருக்கலாம். டிஸவோ செய்தால் அது திரும்பாது.

அறிவிப்பு இருந்தால், கூகுள் ஊழியர் ஒருவர் பார்த்து எடுத்த நடவடிக்கை என்று பொருள். 'லிங்க்ஸ்' அறிக்கையிலிருந்து வெளித்தள லிங்க்குகளை எக்ஸ்போர்ட் செய்து, தளவாரியாக அடுக்குங்கள். அந்த அறிக்கையில் எல்லா லிங்க்கும் வராது. ஆகவே விற்றவரிடமும் முழுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்; அவர் வைத்ததை அவரே நீக்குவதுதான் சுலபம். 'குறைந்த விலை பட்டுப்புடவை' என்ற ஒரே வாசகத்தோடு சம்பந்தமில்லாத ஐம்பது தளங்களில் லிங்க் இருக்கிறதா? அவைதான் முதல் குறி. செய்தித்தாள், வாடிக்கையாளர் தானாகக் கொடுத்த லிங்க்குகளில் கை வைக்காதீர்கள். பயத்தில் நல்லதையும் சேர்த்து வெட்டுவதுதான் மீட்பு வேலையில் நடக்கும் பெரிய சேதம்.

அடுத்து, ஒவ்வொரு தளத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பி லிங்க்கை நீக்கச் சொல்லுங்கள். இல்லையேல் தரவரிசைக்கு அதைக் கணக்கிட வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் 'நோஃபாலோ' அல்லது 'ஸ்பான்ஸர்டு' குறியீடு சேர்க்கச் சொல்லுங்கள். அனுப்பிய தேதி, வந்த பதில் இரண்டையும் ஷீட்டில் குறித்து வாருங்கள். நீக்கப் பணம் கேட்பவர்களையும் பதிலே தராதவர்களையும் டிஸவோ கோப்பில் சேருங்கள். நீக்க முயலாமல் டிஸவோ மட்டும் செய்தால், மறுபரிசீலனை மனு (நடவடிக்கையை நீக்கும்படி கூகுளுக்கு அனுப்புவது) தள்ளுபடியாக வாய்ப்பு அதிகம்.

கோப்பு சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக, யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் இருக்க வேண்டும். 2 எம்பி, 1,00,000 வரிகளைத் தாண்டக் கூடாது. வரிக்கு ஒரு தளம்: ஆங்கில எழுத்தில் 'டொமைன்' (domain), முக்காற்புள்ளி, இடைவெளியின்றித் தளப்பெயர். ஒற்றைப் பக்க முகவரியை மட்டும் போட்டால் அதே தளத்தின் மற்றப் பக்கங்கள் தப்பிவிடும். புதிய கோப்பு பழையதை அழித்துவிட்டுத்தான் உட்காரும். எனவே சேர்க்கும்போதெல்லாம் முழுப் பட்டியலையும் ஏற்றுங்கள். சர்ச் கன்சோலில் தளத்தை 'டொமைன் ப்ராப்பர்ட்டி'யாக மட்டும் பதிந்திருந்தால் டிஸவோ கருவி வேலை செய்யாது. https:// என்பது போன்ற தொடக்கத்தோடு முழு முகவரியைக் கொடுத்துப் பதியும் முகவரி முன்னொட்டு (URL prefix) ப்ராப்பர்ட்டி தேவை.

பிறகு மறுபரிசீலனை மனு. லிங்க் வாங்கியதை மறைக்காமல் எழுதுங்கள். எத்தனை நீங்கின, எத்தனை டிஸவோவில் உள்ளன என்று சொல்லி, ஷீட்டைப் பகிர்ந்து அதன் முகவரியையும் எழுதுங்கள். பதில் வரச் சில நாட்களோ வாரங்களோ ஆகும். அதற்குள் இரண்டாவது மனு போடாதீர்கள்.

கேள்வி: தண்டனை நீங்கினால் பழைய இடம் கிடைக்குமா?

பதில்: முழுவதும் கிடைக்காது. அந்த இடத்தில் ஒரு பங்கு, வாங்கிய லிங்க்குகள் தந்தது.

கேள்வி: புது டொமைன் வாங்கி, பழையதை அதற்கு ரீடைரக்ட் செய்தால் (பழைய முகவரிக்கு வருபவர்களைத் தானாகப் புதியதற்குத் திருப்பிவிட்டால்)?

பதில்: வேண்டாம். ரீடைரக்ட் வழியாகக் கெட்ட லிங்க்குகளும் கூடவே வந்து சேரும்.